வெயில் மேல் பழி போடாதீர்கள்

பெர்சியன் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: வெயில். கோவளத்தைத் தாண்டி திருவிடந்தை, வடநெம்மேலி, நெம்மேலி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பங்களாக்கள் எழுந்த வேகத்தில் இந்தப் பூனைகளும் வந்து சேர்ந்துவிட்டன. திருவிடந்தைக் கோயிலில் நித்யகல்யாணப் பெருமாளைச் சேவிக்க மாலையோடு வருகிறவர்கள் ஒருபுறம் என்றால், வார இறுதி வீட்டுக்குக் கூடையில் பூனையோடு வருகிறவர்கள் மறுபுறம். "ஏ.சி. மட்டும் போட்டு வெச்சுடுங்க சார், வேற ஒரு தொல்லையும் இல்ல" என்று விற்பவர் சொல்லி அனுப்புகிறார். வாங்கியவர் அதையே அக்கம்பக்கத்தில் சொல்கிறார். இந்தப் பூனை வளர்ப்பதையே எதிர்ப்பவர்களும் இதே பேச்சைத்தான் திருப்பிப் போடுகிறார்கள்: "குளிர் நாட்டுப் பூனைய இங்க கொண்டாந்து ஏன் வதைக்கணும்?" மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இரண்டு தரப்பும் குற்றவாளி வெயில் என்பதில் மட்டும் ஒத்துப்போகின்றன.

இரண்டு தரப்பும் சொல்வது தவறு. இந்தத் தவறான நம்பிக்கையால் பூனைகள் சாகின்றன. அறையைக் குளிர்வித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நம்புகிறவர், பூனையின் மூக்கையும் பல்லையும் சிறுநீரகத்தையும் பார்ப்பதே இல்லை. அந்த உறுப்புகளைக் கெடுத்தது கத்திரி வெயில் அல்ல. அழகுக்காக ஜோடி சேர்த்த மனிதர்கள்தான் கெடுத்தார்கள்.

முதலில் 'குளிர் நாட்டுப் பூனை' என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி 1620 வாக்கில் பாரசீகத்தின் கொராசான் பகுதிக்கு உரிய நீண்ட ரோமப் பூனைகளைப் பற்றி எழுதினார். சிலவற்றை இத்தாலிக்குக் கொண்டுபோக ஏற்பாடும் செய்தார். கொராசான் பனிக்கட்டி நாடல்ல. குளிர்காலம் கடுமையானது, கோடையும் கடுமையானது. வறண்ட மேட்டு நிலத்து வெயில் அது. நீண்ட ரோமம் என்பது ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றம், அவ்வளவே. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒவ்வொரு நகல் வந்து சேர்ந்தால் குட்டிக்கு ரோமம் நீளும். இன்றைய பெர்சியன் பூனைகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டபோது, அவை மத்திய கிழக்குப் பூனைகளைவிட மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கம் என்று தெரியவந்தது. நம் கூடத்தில் படுத்திருக்கும் பூனையை வடிவமைத்தது எந்த நாட்டுத் தட்பவெப்பமும் இல்லை. பூனைக் கண்காட்சிகள் வடிவமைத்தன.

1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் நடத்திய கண்காட்சியில் பெர்சியன் பூனைகளும் வைக்கப்பட்டன. அந்தக் காலத்து ஓவியங்களைப் பார்த்தால் உண்மை விளங்கும். நீண்ட ரோமம் இருக்கிறது, கழுத்தைச் சுற்றிப் பிடரி இருக்கிறது, மூக்கும் இருக்கிறது. சாதாரணப் பூனையின் மூக்கு. முகம் தட்டையானது பிற்பாடு நேர்ந்தது. 1950களில் அமெரிக்காவில் பீக்கினீஸ் நாயைப் போல அமுங்கிய முகத்தோடு சில குட்டிகள் பிறந்தன. அதைக் குறை என்று ஒதுக்காமல் அழகு என்று பரிசு கொடுத்தார்கள். பரிசு கிடைத்த பூனைக்கு ஜோடி தேடினார்கள். தலைமுறைக்குத் தலைமுறை மூக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நம் ஊர் வியாபாரத்தில் இன்று டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச், எக்ஸ்ட்ரீம் பஞ்ச் என்று தரம் பிரிக்கிறார்கள். மூக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விலை ஏறும்.

வெயில்தான் காரணம் என்றால் வெயில் இல்லாத நாட்டில் இந்தப் பூனை நோயில்லாமல் இருக்க வேண்டும் அல்லவா? பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களிடம் வந்த 3,235 பெர்சியன் பூனைகளின் பதிவுகளை ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அலசி 2019இல் வெளியிட்டார்கள். நம் கத்திரி வெயிலை அறியாத நாடு. அங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பூனைக்கு ஏதாவது ஒரு கோளாறு பதிவாகியிருந்தது. ரோமச் சிக்கல்கள் 12.7 சதவீதம், பல் நோய் 11.3, நகம் மிகுந்து வளர்தல் 7.2, கண்ணிலிருந்து நீர் வடிதல் 5.8. இறந்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று சிறுநீரகம் பழுதாகி இறந்தது. இந்தப் பட்டியலில் வெப்பத்துக்கு என்ன வேலை? திருவிடந்தையில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிற அதே நோய்களுக்குத்தான் லண்டனிலும் ஓடுகிறார்கள். ஊரும் வெயிலும் மாறினாலும் நோய் மாறவில்லை என்றால், காரணத்தைப் பூனையின் உடலுக்குள்தான் தேட வேண்டும்.

மூக்கு இல்லாத முகத்துக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மண்டையோடு முன்பக்கம் குறுகுகிறது. உள்ளே இருக்க வேண்டியவை அதே அளவுக்குக் குறுகுவதில்லை. பல் முளைக்க இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது, கோரைப்பல் படுத்துக்கொள்கிறது. இடுக்கில் உணவு தங்குகிறது, ஈறு வீங்குகிறது. கண்ணில் சுரக்கும் நீர் மூக்குக்குள் வடிய ஒரு மெல்லிய குழல் உண்டு. தட்டையான முகத்தில் அந்தக் குழல் வளைந்து, படுத்துவிட்ட கோரைப்பல்லின் அடியில் நுழைந்து போக வேண்டியதாகிறது. மடங்கிய தோட்டக் குழாயில் தண்ணீர் வராதது போல் கண்ணீர் உள்ளே இறங்காமல் கன்னத்தில் வழிகிறது. ஈரம் தங்கிய மடிப்பில் தோல் புண்ணாகி நாற்றம் எடுக்கிறது. "பெர்சியன்னா கண்ணு அப்படித்தாங்க ஒழுகும்" என்று இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். எந்தப் பூனைக்கும் கண் ஒழுகுவது இயல்பல்ல. ஒழுகும்படி பூனையைச் செய்துவிட்டு அதை இயல்பு என்று சொல்வது அநியாயம். பிதுங்கி நிற்கிற கண்ணை இமை முழுதாக மூடுவதில்லை. கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழிப் படலம் உலர்கிறது, உரசுகிறது. நாளடைவில் அதன் ஒரு பகுதி செத்து, பழுப்பும் கறுப்புமாக ஒரு தகடு கண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளும். அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டிய நோய் அது. பெர்சியனுக்குப் பிற இனங்களைவிட அதிகம் வருகிறது. மிகவும் அமுங்கிய முகம் கொண்டவற்றில் மூளைக்குள் நீர் தேங்கி நிற்பதைக்கூட ஸ்கேனில் கண்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பூனை சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாட்டுப் பூனை தலையைச் சாய்த்து, மீன் துண்டைக் கடைவாயால் கவ்வி, இரண்டு கடியில் விழுங்கிவிட்டு மீசையைத் துடைக்கும். பஞ்ச் ஃபேஸ் பூனை தட்டின் மேல் முகத்தை அப்படியே கவிழ்க்கிறது. முன்பல் உணவைத் தொடும் முன் நெற்றி தட்டில் இடிக்கிறது. நாக்கை மடித்து அதன் அடிப்பக்கத்தால் உணவுக் குருணைகளை அள்ளப் பார்க்கிறது. பாதி வாய்க்குள் போகிறது, பாதி தரையில் சிதறுகிறது. மெல்லும்போது மூக்கால் மூச்சு விட முடியாமல் நடுவே நிறுத்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிகிறது. இந்த அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது என்ன உதவி செய்தது?

'சாதுவான பூனை, சத்தமே போடாது, சும்மா படுத்துக் கிடக்கும்' என்பது அடுத்த புகழுரை. பெர்சியன் அமைதியான பூனை என்பது உண்மை. மெல்லிய குரல், தாவிக் குதிப்பதில் ஆர்வக் குறைவு, மடியில் கிடப்பதில் விருப்பம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குப் பொருந்துகிற குணம். அந்தக் குணத்தை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனால் பூனை தன் நோயை மறைக்கிற விலங்கு. வலித்தாலும் கத்தாது, படுத்துக்கொள்ளும். மூச்சு போதாத பூனையும் படுத்துக் கிடக்கும், பல் வலியில் துடிக்கிற பூனையும் படுத்துக் கிடக்கும், சிறுநீரகம் கெட்ட பூனையும் படுத்துக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் 'சாது' என்று பெயர் வைத்துவிட்டால் கண்டுபிடிப்பது எப்போது? குறட்டை விடுவதை வீடியோ எடுத்து உறவினர்களுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குறட்டை அடைபட்ட மூச்சுக்குழலின் ஓசை.

இதைச் சொன்னால் விவரம் தெரிந்தவர்கள், "அதனாலதான் நாங்க டால் ஃபேஸ் வாங்கினோம்" என்பார்கள். மூக்கு உள்ள பூனையைத் தேர்ந்தெடுத்தது நல்ல காரியம். மூச்சும் கண்ணும் பல்லும் ஓரளவு தப்பும். சிறுநீரகம் தப்பாது. பெர்சியன் குடும்பத்தில் பரவிக் கிடக்கிற பெரிய நோய் சிறுநீரகக் கட்டிநோய். நீர் நிறைந்த சிறு கொப்புளங்கள் பிறக்கும்போதே சிறுநீரகத்தில் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு பெருத்து, நல்ல திசுவை நெருக்கித் தின்றுவிடும். பழுதான மரபணு ஒரே ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வரும். நோயுள்ள ஒரு பூனைக்குப் பிறக்கும் குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு நோய் உறுதி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெஸ்லி லயன்ஸ் குழுவினர் 2004இல் அந்தப் பழுதை அடையாளம் கண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல நாடுகளில் செய்த சோதனைகளில் பெர்சியன் பூனைகளில் மூன்றில் ஒன்றிலிருந்து ஏறத்தாழ பாதி வரைக்கும் இந்த நோய் தென்பட்டது. முகம் எப்படி இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த நோயின் கொடுமை அது வெளிப்படும் வயதில் இருக்கிறது. பூனை ஏழு வயது வாக்கில்தான் இளைக்கத் தொடங்கும், தண்ணீர் நிறையக் குடிக்கும், மணல் தட்டில் ஈரக்கட்டி முன்பைவிடப் பெரிதாக விழும், ரோமம் மங்கும், வாந்தி எடுக்கும். ஆனால் பெண் பூனையை ஒரு வயதுக்குள்ளேயே இனப்பெருக்கத்துக்கு விட்டுவிடுகிறார்கள். நோய் தெரியவரும் முன் அது எத்தனையோ முறை குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டிருக்கும். பளபளவென்று இருக்கிற தாய்ப் பூனையைக் காட்டி "பாருங்க, எவ்ளோ ஹெல்தியா இருக்கு" என்று விற்பவர் பொய் சொல்வதாகக்கூட நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்பதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. பத்து மாதம் ஆன பூனைக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்தால் கொப்புளங்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் மரபணுச் சோதனை செய்கிறார்கள். அதற்கு வயதும் தடையில்லை. நோயுள்ள பூனையை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினால் அந்த வம்சத்தில் ஒரே தலைமுறையில் நோய் நின்றுவிடும். இவ்வளவு எளிதாக ஒழிக்கக்கூடிய பரம்பரை நோய்கள் அதிகம் இல்லை.

அப்படியென்றால் நம் ஊர்த் தட்பவெப்பம் ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது. பூனைக்கு உடம்பில் வியர்ப்பதில்லை, பாதத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம் கசியும். மிகச் சூடானால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், எச்சிலால் உடம்பை நக்கி ஆறவைக்கும். மூச்சுக் குழாய் அடைபட்ட பூனைக்கு இது கஷ்டம். மே மாதத்தில் மதியம் மின்சாரம் போனால் முதலில் தவிப்பது தட்டை முகப் பூனைதான். இங்கேயும் கேள்வி மூக்கிடம்தான் வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டு நாட்டுப் பூனை அதே வெயிலில் மாமர நிழலில் உறங்கி எழுகிறது.

கடலோரத்தில் வெயிலைவிட ஈரப்பதம்தான் பெரிய எதிரி. குளிப்பாட்டிய பூனையின் அடி ரோமம் முழுவதும் உலராமல் விட்டால் நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். படர்தாமரைக்கு அது போதும். பெர்சியனுக்கு இந்தப் பூஞ்சை மிக எளிதில் பிடிக்கும். சில பூனைகள் வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் ரோமத்தில் வித்துகளைச் சுமந்து திரியும். உதிர்ந்த ரோமத்தில், சோபாவில், மெத்தையில் அந்த வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். குழந்தையின் கையில் வட்டமாகத் தடிப்பு வந்த பிறகுதான் பல வீடுகளில் பூனையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஏ.சி. அறைக்குள் அடைத்து வைத்தால் போதும் என்பவர்கள், அந்த மூடிய அறைக்குள்தான் வித்துகள் சேர்கின்றன என்பதை யோசிப்பதில்லை. தெள்ளும் உண்ணியும் கூட இந்தக் கடலோரத்தில் குறைவில்லை. ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: நாய்க்கு உண்ணிக்காக விடும் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளவை பூனைக்கு விஷம். நாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று பூனையின் கழுத்தில் விட்டால் வலிப்பு வந்து செத்துப்போகும். காய்ச்சல் என்று நாம் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

வெயில் காரணம் என்று நம்புகிறவர்கள் செய்கிற இன்னொரு காரியம் கோடை வந்ததும் ரோமத்தை மழித்துவிடுவது. சடை விழுந்து தோல் வரை இறுகிவிட்டால் மழிப்பதைத் தவிர வழியில்லை. அதை மருத்துவர் செய்யட்டும். ஆனால் தினமும் சீவ வேண்டிய கடமைக்கு ஆண்டுக்கொரு முறை மழிப்பதை ஈடாக நினைப்பது சோம்பல். இந்த ரோமத்தை எந்தப் பூனையும் தன் நாக்கால் பராமரித்துக்கொள்ள முடியாது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், பின்தொடையில் விரலை விட்டுப் பாருங்கள். மேலே பட்டுப் போல இருக்கும். அடியில் பொடிப் பொடியாகக் கட்டிகள் தட்டுப்படும். அங்கேதான் சடை தொடங்குகிறது. சடை இறுகினால் பூனை அடி எடுத்து வைக்கும் போதெல்லாம் தோலைப் பிடித்து இழுக்கும். அகலப் பல் சீப்பால் அடியிலிருந்து தொடங்கி, சிக்கு வந்த இடத்தில் வேரைப் பிடித்துக்கொண்டு, மெல்லப் பிரித்துச் சீவ வேண்டும். தினமும் கால் மணி நேரம் ஆகும். வாரக் கடைசியில் மட்டும் திருவிடந்தைக்கு வந்துவிட்டு மற்ற நாட்களில் பூனையைக் காவல்காரரிடம் விட்டுப் போகிறவர்கள் இதைச் செய்ய முடியாது. அவர்கள் இந்தப் பூனையை வளர்க்கக் கூடாது. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

வெயில் வாதம் அரசின் பார்வையையும் திசைதிருப்பியிருக்கிறது. 2024இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று சில வெளிநாட்டு நாய் இனங்கள் அதில் பட்டியலிடப்பட்டன, எதிர்ப்பும் கிளம்பியது. அந்தப் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் இருந்தன, பக்கும் பிரெஞ்சு புல்டாக்கும் இருந்தன. ஹஸ்கியின் துன்பம் வேறு, பக்கின் துன்பம் வேறு. மூக்கு நசுங்கிய நாய் இமயமலையிலும் மூச்சுக்குத் திணறும். அதையும் தட்பவெப்பக் கணக்கில் எழுதினால், ஏ.சி. வைத்திருப்பவருக்கு அந்த நாய் பொருந்தும் என்றாகிவிடும். பூனைகளுக்கு இந்த அளவு யோசனைகூட நடக்கவில்லை. மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த இனப்பெருக்க விதிகள் நாய்களுக்கு மட்டும்தான்: பதிவு செய்ய வேண்டும், 18 மாதத்துக்கு முன் பெண் நாயை ஜோடி சேர்க்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் குட்டி போட விடக் கூடாது. 2018ஆம் ஆண்டு விதிகள் செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்கின்றன. வீட்டு மாடியில் கூண்டு வைத்துப் பூனை பெருக்குகிறவரை இந்த இரண்டும் தொடுவதில்லை. பெரிய தலையோடு உருவாகும் குட்டிகள் வெளியே வர முடியாமல் தாயும் குட்டியும் போராடுவதும், கடைசி நேரத்தில் சிசேரியனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இந்த மாடிகளில் சாதாரணம்.

'வெளிநாட்டுப் பூனையே வேண்டாம், தடை செய்யுங்கள்' என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இங்கே இருக்கிற பெர்சியன் பூனைகள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவை. கடல் காற்றையும் நெத்திலிக் கருவாட்டின் வாசனையையும் தவிர வேறொன்றையும் அறியாதவை. அவற்றை அந்நியமாக்கினால் என்ன நடக்கும்? சிகிச்சைச் செலவு ஏறியதும் சாலையோரம் இறக்கிவிட்டுப் போவதற்கு ஒரு நியாயம் கிடைக்கும். அப்படி விடப்பட்ட பெர்சியனால் மரம் ஏறவும் முடியாது, எலி பிடிக்கவும் முடியாது, சடையோடு குப்பைத்தொட்டியைச் சுற்றும். இருக்கிற பூனைகளை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். அறுவை செய்து குட்டி போடாமல் நிறுத்த வேண்டும். 'ஒரு தடவ குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது' என்பது வெறும் கட்டுக்கதை. நோயைக் கைமாற்றும் வழி அது.

தமிழ்நாடு விலங்கு நல வாரியத்துக்கு ஒரு கோரிக்கை: நாய்க்கு உள்ள இனப்பெருக்க விதிகளைப் பூனைக்கும் விரிவுபடுத்தும்படி மத்திய அரசை வலியுறுத்துங்கள், சிறுநீரகச் சோதனையில் தேறாத பெர்சியனை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது என்று அதில் சேர்க்கச் சொல்லுங்கள். 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. வழிகாட்டத் தெரிந்த மருத்துவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: தாய்ப் பூனையையும் தகப்பன் பூனையையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். இரண்டின் சிறுநீரக ஸ்கேன் அல்லது மரபணுச் சோதனை முடிவைக் கேளுங்கள். குட்டியின் மூக்கைப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணுக்குக் கீழே மூக்கு நீண்டு தெரியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கண்ணோரம் ஈரக்கறை இருந்தாலும் அப்படியே. "ஏ.சி. இருக்குதா சார்?" என்பதை மட்டும் கேட்கிற ஆளிடம் வாங்காதீர்கள்.